இறக்கமும் அடக்கமும்

மலை ஏறியவனைப் போற்றுவது உலக வழக்கம். சிகரத்தை அடைந்தவனுக்கு மாலையும் மரியாதையும் உண்டு. இறங்கி வருபவனையோ ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால், மலைப்பாதையிலே துவிச்சக்கர வண்டி ஓட்டிப் பழகியவர்களைக் கேட்டால் வேறு விதமாகக் கூறுவர். ஏற்றத்திலே களைத்தால் நிற்கலாம். வண்டியைத் தள்ளிக்கொண்டும் போகலாம். இறக்கத்திலே வண்டி நம் சம்மதத்தைக் கேட்பதில்லை. அதனை ஓட்டுவதற்குக் கால் வேண்டியதில்லை; அடக்குவதற்குத்தான் ஆள் வேண்டும்.

இன்று உலகெங்கும் பரவியிருக்கும் மலைச் சைக்கிள் விளையாட்டு அத்தகைய ஓர் இறக்கத்திலேதான் வளர்ந்தது என்பதை நம் மாணவ நேயர்களுள் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். அந்த இறக்கத்தின் வரலாற்றையே இவ்வாரம் எடுத்துக்கொண்டோம்.

அமெரிக்காவிலே, கலிபோர்ணியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே மரீன் என்னும் பகுதி உண்டு. அங்குள்ள பெயர்பாக்ஸ் என்னும் சிற்றூருக்கு அருகே, பைன் மலை முகட்டிலிருந்து கஸ்கேட் பள்ளத்தாக்கை நோக்கி ஒரு மண்பாதை இறங்குகின்றது. காட்டுத் தீ மூண்டால் அணைப்போர் செல்வதற்கென வெட்டப்பட்ட பாதை அது. அதன் நீளம் ஏறக்குறைய 2 மைல். அத்தூரத்துக்குள் 1,300 அடி கீழே இறங்கிவிடுகின்றது. அஃதாவது, சராசரியாக நூறு அடி சென்றால் பன்னிரண்டு அடி தாழ்கின்றது. பாதையெங்கும் சரளைக் கற்களும், மழைநீர் அரித்த பள்ளங்களும், அப்பால் என்ன இருக்கின்றதென்று தெரியாத முடக்குகளும் உள்ளன.

1970களிலே அவ்வூர் இளைஞர் சிலர் பழைய துவிச்சக்கர வண்டிகளைத் தேடி எடுத்தனர். 1930களிலும் 40களிலும் ஷ்வின் கம்பனியார் முதலியோர் செய்த, பருத்த ரயர் பூட்டிய வண்டிகள் அவை. ஐம்பது இறாத்தல் வரை நிறை உள்ளவை. அவற்றை மலைமேல் கொண்டுசென்று, இப்பாதை வழியே கீழ்நோக்கி விட்டனர்.

அந்த வண்டிகளிலே கையால் அழுத்தும் பிறேக் இல்லை. மிதியைப் பின்னோக்கி அழுத்தினால், பின் சில்லின் அச்சுக்கூட்டுக்குள் இருக்கும் உலோகப் பாகங்கள் விரிந்து உராய்ந்து சில்லை நிறுத்தும். உராய்வினால் வேகம் வெப்பமாக மாறுகின்றது என்பதைப் பௌதிகம் படிக்கும் மாணவர் அறிவர். அவ்வெப்பம் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்போம். ஆளும் வண்டியுமாக 200 இறாத்தல் நிறை 1,300 அடி இறங்கும்போது வெளிப்படும் சக்தி முழுவதும் வெப்பமானால், ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். காற்றும் பாதையும் கொண்டுபோனது போக, எஞ்சியதெல்லாம் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் அச்சுக்கூட்டிலே வந்து சேர்ந்தது. உள்ளேயிருந்த கிறீஸ் உருகிக் கருகிப் புகையாய்ப் போயிற்று. மலையடிவாரத்தை அடைந்ததும் அச்சைக் கழற்றித் துடைத்துப் புதுக் கிறீஸ் அடைத்தாலொழிய மறுமுறை ஓட்ட இயலாது. மீண்டும் அடைத்தல் என்னும் பொருள்பட, அப்பாதைக்கு ‘ரீபக்’ என்றே பெயர் வந்துவிட்டது. எத்தனையோ பாதைகளுக்கு மன்னர் பெயரும் மந்திரி பெயரும் இருக்க, இப்பாதையோ பிறேக் பட்ட பாட்டைப் பெயராகத் தாங்கி நிற்கின்றது!

யார் விரைவாக இறங்குவர் என்னும் வாதத்தைத் தீர்க்க, 1976ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆந் திகதி முதற் போட்டி நடந்தது. சார்லி கெலி என்பவர் ஒழுங்கு செய்தார். ஒருவர்பின் ஒருவராக இடைவெளி விட்டு அனுப்பி, ஒவ்வொருவர் நேரத்தையும் குறித்தனர். அன்று வென்றவர் அலன் பொண்ட்ஸ். மற்றையோர் விழுந்தெழுந்து வர, அவர் விழாமல் வந்து சேர்ந்தார். அதுவே அவர் வெற்றியின் இரகசியம். பின்னர் அங்கு நிலைநாட்டப்பட்ட மிகக் குறுகிய நேரம் கரி பிஷர் என்பவருடைய 4 நிமிடம் 22 செக்கன் ஆகும். படம் பிடிப்போர் கூடி நின்றதால் ‘கமரா மூலை’ என்று பெயர் பெற்ற ஒரு முடக்கும் அங்கே உண்டு. ஓடுவோர் பலர் சறுக்கி விழும் இடம் அதுவாகையால், படத்துக்குப் பஞ்சமில்லை.

புகைந்த அச்சுக்கள் அவ்விளைஞரைச் சிந்திக்கச் செய்தன. பிஷர் தம் வண்டிக்குப் பற்சக்கர மாற்றும் கருவியுடன், வலிமை மிக்க உருளைப் பிறேக்கையும் பொருத்தினார். 1977இல் ஜோ பிறீஸ் என்பவர் மலைக்கென்றே புதுச் சட்டம் அமைத்து வண்டி செய்தார். அவ்வண்டியிலே சில்லின் விளிம்பை இருபுறமும் பற்றும் கைப்பிறேக் இருந்தது. பத்தொன்பது ஆண்டுகளின் பின், 1996இல், அத்லாந்தா ஒலிம்பிக்கிலே மலைச் சைக்கிள் ஓட்டம் இடம்பெற்றது. வேகத்தின் வரலாறு என்று நாம் எண்ணுவது, உற்று நோக்கினால், பிறேக்கின் வரலாறாகவும் இருக்கின்றது. நிறுத்த முடியும் என்ற நம்பிக்கை இருந்தால் அன்றோ விரைந்து செல்ல மனம் துணியும்?

இறக்கத்தில் தேர்ந்தவர் கைக்கொள்ளும் முறைகளும் இதனையே உணர்த்துகின்றன. அவர்கள் இருக்கையிலிருந்து எழுந்து, இரு மிதிகளையும் சமமாக நிறுத்தி, உடலைச் சற்றுப் பின்னே சாய்த்துக்கொள்வர். கண் முன்சில்லில் இராது. தாம் போக விரும்பும் இடத்திலே பதிந்திருக்கும். வேகத்தை முடக்குக்கு முன்னரே குறைப்பர். முடக்கினுள்ளே அவசரமாகப் பிறேக் பிடிப்பதில்லை. சில்லு பூட்டிக்கொண்டால் வண்டி சொற்கேளாது என்பதை அறிந்தவர்கள் அவர்கள். முன் பிறேக்குக்கே வலிமை அதிகம்; ஆனால் அதனைச் சடுதியாக அழுத்தினால் ஆளைத் தலைகுப்புற எறிந்துவிடும். எனவே இரண்டையும் அளவறிந்து பிடிப்பர்.

ரீபக் பாதை இன்றும் இருக்கின்றது. நடப்பவரும் குதிரையேறுவோரும் சைக்கிள் ஓட்டுவோரும் அதனைப் பயன்படுத்துகின்றனர். ஒருகாலத்திலே மணிக்கு 25 மைல் வேகத்தில் இளைஞர் பாய்ந்த அவ்விடத்திலே, இப்பொழுது சைக்கிளுக்கு விதிக்கப்பட்டிருக்கும் எல்லை 15 மைல். மறைவான முடக்குகளில் 5 மைல். முடக்குக்கு அப்பால் ஒரு தாய் குழந்தையுடன் நடந்து வரக்கூடும் அல்லவா? தன் உயிரைப் பணயம் வைக்கத் துணிந்தவனுக்கும் பிறர் உயிரைப் பணயம் வைக்க உரிமையில்லை.

நம் பிள்ளைகளிற் பலர் சமதரையிலே சைக்கிள் ஓட்டுபவர்கள். ஆயினும், பாலத்து இறக்கமும் மலைநாட்டு வீதியும் என்றோ ஒருநாள் அவர்கள் முன்னே வரத்தான் செய்யும். மகனுக்கோ மகளுக்கோ வண்டி வாங்கும் பெற்றோர் அதன் நிறத்தையும் மினுக்கத்தையும் பார்க்கின்றனர். மணி அடிக்கின்றதா என்றும் சோதிக்கின்றனர். பிறேக் கட்டை தேய்ந்ததா, கம்பி தளர்ந்ததா என்று வாரம் ஒருமுறை பார்ப்பவர் எத்தனை பேர்? இன்று ஞாயிறு; ஓய்வு நாள். முற்றத்திலே நிற்கும் வண்டியைத் தந்தையும் பிள்ளையுமாக ஒரு கால்மணி நேரம் சோதித்துப் பார்த்தால், இவ்வாரம் நாம் எழுதியது வீண்போகாது.