மழைக்கால இனிப்பு-கார அவல்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் "என்னம்மா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டேதான் நுழையும். கல்வராயன் மலையில் சாமை விளைகிறதே, அதன் அவலில் இதைச் செய்து வைப்பேன். அரிசி அவலும் சரிதான்.

2 கப் அவலை வெறும் வாணலியில் மொறுமொறுவென்று வறுத்தெடுங்கள். 2 டீஸ்பூன் எண்ணெயில் கடுகு தாளித்து, அரை கப் வேர்க்கடலை, கால் கப் பொட்டுக்கடலை, கறிவேப்பிலை போட்டு வறுத்து அடுப்பை அணையுங்கள். உப்பு, மிளகாய்த்தூள், அவல் சேர்த்துப் புரட்டி, நன்றாக ஆறிய பிறகே 2 டேபிள்ஸ்பூன் பொடித்த சர்க்கரை தூவுங்கள். சூட்டில் போட்டால் நமுத்துவிடும்.

முக்கியமாக ஒன்று: ஈரத்தில் வேர்க்கடலை பூசணம் பிடிக்கும். சுருங்கியது, கறுத்தது, கசப்பது எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிடுங்கள். அந்த நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுக்கப் போகாது.

மூடி இறுக்கமான டப்பாவில் ஒரு வாரம் இருக்கும், பிள்ளைகள் விட்டுவைத்தால்!