இரண்டு நாளில் ஒரு தலைநகர்!



எங்கள் தெருவில் ஆறாம் வகுப்பு படிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். போன வாரம் அவன் அப்பாவின் செல்போனோடு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தான்.

"தாத்தா, சனி, ஞாயிறு ரெண்டே நாள்ல பாரிஸ் முழுக்கப் பாத்துடலாமாம். இதுல சொல்றாங்க. நிஜமாவா?"

"உனக்கு என்ன தோணுது?"

"முடியாதுன்னுதான் தோணுது. ஆனா பாக்கணும்னு ஆசையா இருக்கு."

ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஐரோப்பாவில் இது சாதாரண விஷயம். லண்டனில் இருப்பவர்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரயில் ஏறினால், இரண்டேகால் மணி நேரத்தில் பாரிஸில் இறங்கிவிடலாம். நடுவில் கடல் இருக்கிறதே என்கிறீர்களா? கடலுக்கு அடியில் 1994-ஆம் ஆண்டே சுரங்கப் பாதை திறந்துவிட்டார்கள்!

ஆனால் 'முழுக்க' என்று சொன்னார்கள் பாருங்கள், அதுதான் பொய். பாரிஸில் லூவர் என்று ஒரு அருங்காட்சியகம். மோனாலிசா ஓவியம் அங்கேதான் இருக்கிறது. பார்வைக்கு வைத்திருக்கும் பொருட்கள் மட்டும் சுமார் 35 ஆயிரம். ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்று, தூங்காமல் சாப்பிடாமல் பார்த்தாலும் 24 நாள் ஆகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கட்டடத்துக்கே இந்தக் கதி என்றால் ஊர் முழுக்க எப்படி? இன்னொன்று, செவ்வாய்க்கிழமை அதற்கு விடுமுறை. அது தெரியாமல் போனால் பூட்டிய கதவைத்தான் பார்க்கலாம்.

ஆகவே, சுற்றுலாவுக்குத் திட்டம் போடுவது என்றால் பெரிய பட்டியல் எழுதுவது இல்லை. எதையெல்லாம் விடுவது என்று முடிவு செய்வதுதான் திட்டம். அந்த முடிவைப் பெரியவர்கள் எடுக்கக்கூடாது, நீங்கள்தான் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. உங்கள் அப்பா இதைப் படித்தால் என்னைக் கோபித்துக்கொள்வார். பரவாயில்லை!

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேலையில் இருந்தபோது ஒருமுறை நாற்பது பிள்ளைகளைக் காஞ்சிபுரத்துக்கு அழைத்துப் போனேன். ஒரே நாளில் ஒன்பது இடம். பட்டியல் போட்டவன் நான்தான், பிள்ளைகளில் ஒருவரைக்கூடக் கேட்கவில்லை. "ஏறு, இறங்கு, வரிசையில் நில்" என்று விரட்டிக்கொண்டே இருந்தேன். கைலாசநாதர் கோயிலுக்குப் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டேகால். நடை சாத்திவிட்டார்கள். மாலை நான்கு மணிக்கு மேல்தான் திறப்பார்கள். அதுவரை காத்திருந்தால் மற்ற இடங்கள் போய்விடுமே என்று பஸ்ஸைக் கிளப்பச் சொன்னேன்.

மறுநாள் 'நான் சென்ற சுற்றுலா' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். எல்லார் நோட்டிலும் புளியோதரையும் பஸ் டயர் பஞ்சர் ஆனதும்தான்! ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் எழுதவில்லை. "சார், பூட்டியிருந்த கோயிலுக்குள்ளே என்ன சார் இருக்கும்? மறுபடி எப்ப போவோம்?" என்று கேட்டாள். மறுபடி போகவே இல்லை. அடுத்த வருடம் அவள் வேறு பள்ளிக்குப் போய்விட்டாள்.

அவளுக்குச் சொல்ல வேண்டியதை உங்களுக்காவது சொல்கிறேன்.

பாரிஸுக்குப் பாஸ்போர்ட், விசா, நிறையப் பணம் எல்லாம் வேண்டும். அது வரும்போது வரட்டும். எங்கள் உத்திரமேரூரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் ஒரு தலைநகர் இருக்கிறதே! காஞ்சிபுரம் பல்லவர்களின் தலைநகர். பட்டுப்புடைவை வாங்கவும் கல்யாணத்துக்குப் போகவும் மட்டும் உள்ள ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் இதற்கு இரண்டு நாள் திட்டம் போட்டுப் பழகுங்கள்.

என்னைக் கேட்டால், சனிக்கிழமை காலையில் கைலாசநாதர் கோயில் ஒன்றே போதும். ராஜசிம்மப் பல்லவர் 1,300 ஆண்டுகளுக்கு முன்பு கட்டியது. சுற்றிலும் 58 குட்டிச் சந்நிதிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள், சிலவற்றில் பழைய வண்ண ஓவியம் கொஞ்சம் மிச்சம் இருக்கும். பிறகு மண்டபத்துக்கு வாருங்கள். அங்கே ஒரு தூணில் கன்னட மொழியில் கல்வெட்டு உண்டு. தமிழ்நாட்டுக் கோயிலில் கன்னடம் எப்படி வந்தது?

பல்லவர்களுக்கும் வாதாபிச் சாளுக்கியர்களுக்கும் தீராத பகை. நரசிம்மவர்மப் பல்லவர் 642-இல் வாதாபியைப் பிடித்தார். சுமார் நூறு ஆண்டுக்குப் பிறகு, சாளுக்கிய மன்னர் இரண்டாம் விக்கிரமாதித்தர் காஞ்சியைப் பிடித்தார். பழிவாங்க நல்ல சந்தர்ப்பம், இல்லையா? ஆனால் அவர் இந்தக் கோயிலை இடிக்கவில்லை, கொள்ளையடிக்கவும் இல்லை. கோயிலின் பொன்னைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தார். அதைத்தான் அந்தத் தூண் சொல்கிறது. பிற்பாடு அவருடைய ராணி பட்டதக்கல்லில் கட்டிய கோயிலில் இந்தக் கோயிலின் சாயலைப் பார்க்கலாம். எதிரியையே மயக்கிய கட்டடத்தைப் பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டு ஓடலாமா?

நண்பகலில் கோயில்கள் சாத்தியிருக்கும். அந்த நேரத்துக்கு நெசவாளர் வீடு. தெரிந்தவர் யாராவது இருந்தால், முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போய்த் தறியைப் பாருங்கள். அறிஞர் அண்ணா வாழ்ந்த வீடும் இந்த ஊரில்தான் இருக்கிறது.

மாலையில் வைகுண்டப் பெருமாள் கோயில். திருச்சுற்றுச் சுவர் முழுக்கப் பல்லவர் வரலாற்றைச் சிற்பமாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள், படக்கதை மாதிரி! அதில் உங்கள் வயதுப் பையன் ஒருவன் வருவான், தேடுங்கள். பல்லவ அரசர் வாரிசு இல்லாமல் இறந்துவிட்டார். பெரியவர்கள் கூடி, அரச குலத்தைச் சேர்ந்த இரணியவர்மரிடம் போய், "உங்கள் பிள்ளைகளில் யாராவது அரசராக வர வேண்டும்" என்றார்கள். மூத்த மூன்று பேரும் மாட்டேன் என்றுவிட்டார்கள். கடைசிப் பிள்ளைக்கு வயது 12. "நான் போகிறேன்" என்றான். அவன்தான் இரண்டாம் நந்திவர்மன். அறுபது ஆண்டுக்கு மேல் ஆண்டான். இந்தக் கோயிலைக் கட்டியதும் அவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கம் வாருங்கள். உத்திரமேரூர் கல்வெட்டுக் கோயிலில் முதலாம் பராந்தக சோழர் காலத்து, அதாவது 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகள் அவை. 35 வயதுக்கு மேல், 70 வயதுக்குள் இருக்க வேண்டும். முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடம் கிடையாது, அவர் உறவினருக்கும் கிடையாது! (அந்த முறையில் பெண்களுக்கு இடம் இருந்ததாகக் காணோம். அதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.) பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். யார் எடுப்பது தெரியுமா? ஓலையில் என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன்! ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருக்க, ஒரு பையனின் கையை நம்பியிருக்கிறார்கள். நான் பட்டியல் போட்டபோது இந்தக் கல்வெட்டு ஞாபகம் வரவில்லை.

"ஏகாம்பரநாதர்? வரதராஜப் பெருமாள் கோயில் கல் சங்கிலி?" என்று கேட்பீர்கள். இருக்கட்டும், அடுத்த முறை போகலாம். அல்லது நான் சொன்னதை அடித்துவிட்டு அவற்றை எழுதிக்கொள்ளுங்கள். எது எத்தனை மணிக்குத் திறக்கும், பஸ் எப்போது, செலவு எவ்வளவு என்று மட்டும் மறக்காமல் விசாரியுங்கள்.

நம் திண்ணைப் பையன் நேற்று ஒரு தாள் கொண்டுவந்தான். காஞ்சிபுரத்துக்கு ஒன்பது இடம் எழுதி ஐந்தை அடித்திருந்தான். ஆறாவதாகக் காமாட்சியம்மன் கோயிலையும் அடிக்கப் பார்த்திருக்கிறான். பாட்டி, "அப்படின்னா நான் வரலை" என்று சொல்லிவிட்டாராம். பேச்சுவார்த்தை நடக்கிறது. தாளைத் திருப்பினேன். பின்பக்கம் 'பாரிஸ்' என்று எழுதி, அதன் கீழே ஒரே ஒரு வரி: 'செவ்வாய்க்கிழமை வேண்டாம்.'

- ஓய்வுபெற்ற ஆசிரியர், ராஜகுளம்.