நான்கு கைத் தாய்

தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில் பாரத மாதாவுக்கு ஒரு கோயில் எழ வேண்டும் என்பது விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவாவின் கனவு. 1923-ல் வங்கத் தலைவர் சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். கனவு நிறைவேறும் முன்பே, 1925 ஜூலை 23 அன்று, சிவா இதே ஊரில் கண்மூடினார். இன்று அங்கே பாரத மாதா நினைவாலயம் நிற்கிறது.

நாட்டைத் தாயாக வணங்குகிறோம், சரி. அந்தத் தாயின் உருவை வரைந்தது யார்? 1905-ல் அவனீந்திரநாத் தாகூர் தீட்டிய பாரத மாதாவுக்கு நான்கு கைகள்: ஏடு, நெற்கதிர், ஜெபமாலை, வெள்ளைத் துணி. காவிச் சேலை, வெறுங்கால். அதன்பின் காலண்டர்களில் சிங்கமும் கொடியும் சேர்ந்தன.

பெங்களூரு கலைஞர் புஷ்பமாலா அந்த வேடத்தைத் தானே கட்டிக்கொண்டு கேமரா முன் நின்றார். வரையப்பட்ட திரைக்கு முன்னால் அசையாமல் நிற்கும் நிஜப் பெண்ணைக் கண்டதும், தெய்வம் எது, பெண் எது என்று கண் தடுமாறுகிறது. கேலி என்பார்கள் சிலர். நாம் அப்படி நினைக்கவில்லை. திரௌபதியாக ஆண் ஆடும் கூத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்த நமக்கு, பெண்மையும் கட்டி அவிழ்க்கும் வேடம்தான் என்பது புதுச் செய்தியா என்ன?

நினைவாலயத்தில் ஆண்டுக்கு ஒரு வாரமாவது இத்தகைய படங்களுக்கு இடம் தர வேண்டும். இவ்வூர்ப் பெண்களும் திருநங்கையரும் தங்கள் பாரத மாதாவை அங்கே வரையட்டும். மாவட்ட நிர்வாகம் மனம் வைக்குமா?