இன்னொன்று இருந்தால் முடங்காதா?

சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் வந்துவிட்டால் மழைக்கும் புயலுக்கும் வான்போக்குவரத்து முடங்காது என்பது பரவலாகச் சொல்லப்படும் கருத்து. திருவள்ளூர் மாவட்டத்தின் பன்னூரும் காஞ்சிபுரம் மாவட்டத்தின் பரந்தூரும் இறுதிச் சுற்றில் நின்றன. 2022 ஆகஸ்டில் பரந்தூர் தேர்வானது. எந்த ஊர் என்பதில்தான் விவாதம் நடந்தது. இரண்டாவது நிலையம் முடக்கத்தைத் தடுக்கும் என்ற அடிப்படையை யாரும் பெரிதாகக் கேள்வி கேட்கவில்லை. இதே நம்பிக்கை கணினிக்கும் வழிகாட்டுக் கருவிக்கும் நீள்கிறது: எதிலும் இன்னொன்று கையிருப்பில் இருந்தால் போதும் என்று.

முதலில் ஓடுபாதை. சென்னையின் இப்போதைய விமான நிலையம் உள்ள மீனம்பாக்கத்தில் ஏற்கெனவே இரண்டு ஓடுபாதைகள் உள்ளன. ஆனால் அவை ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. வெட்டும் இடத்தில் ஒரு விமானம் பழுதாகி நின்றால் இரண்டுக்குமே இடைஞ்சல். இரண்டாம் ஓடுபாதை அடையாற்றின் மேல் பாலம் கட்டி நீட்டப்பட்டது. 2015 டிசம்பர் 1 இரவு ஆற்று வெள்ளம் வளாகத்துக்குள் புகுந்தபோது எண்ணிக்கையில் இரண்டு இருந்ததால் பயன் ஏதும் இல்லை. பயணிகள் சேவை டிசம்பர் 6 அன்றுதான் மீண்டும் தொடங்கியது.

இரண்டும் வேறு வேறு ஊரில் இருந்தால் இந்தச் சிக்கல் வராதே என்பது அடுத்த வாதம். மீனம்பாக்கத்துக்கும் பரந்தூருக்கும் நேர்கோட்டுத் தொலைவு சுமார் 50 கிலோமீட்டர். வங்கக் கடல் புயலின் மழைப்பட்டைகளோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரவுபவை. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் வட தமிழகக் கரையை ஒட்டியே நகர்ந்து, மறுநாள் ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையேறியது. சென்னை விமான நிலையம் மூடப்பட்ட அந்தப் பொழுதில் திருவள்ளூரும் காஞ்சிபுரமும் அதே மழையில்தான் நனைந்தன. பரந்தூர்த் திட்டப் பரப்புக்குள்ளும் ஏரிகளும் நீர்வரத்துக் கால்வாய்களும் வருகின்றன. அடையாறு கற்பித்த பாடம் அங்கே வடிகால் வடிவமைப்பில் தெரிய வேண்டும்; தெரியாவிட்டால் ஒரே வெள்ளத்துக்கு இரண்டு நிலையங்களைப் பலி கொடுக்க நேரும்.

உண்மையில், அருகில் இன்னொரு ஓடுபாதை இருந்தால் என்ன நடக்கும் என்பது ஒருமுறை சோதித்தும் பார்க்கப்பட்டது. திருவள்ளூர் மாவட்ட எல்லையை ஒட்டிய அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத் தளம் இருக்கிறது. பெரிய விமானங்கள் தாராளமாக இறங்கக்கூடிய நீண்ட ஓடுபாதை. 2015 வெள்ளத்தில் சிக்கிய பயணிகளுக்காக அங்கிருந்து விமானங்கள் இயக்கப்பட்டன. சென்னையிலிருந்து பயணிகள் பேருந்தில் கொண்டுபோகப்பட்டார்கள். பலருக்கு அது பேருதவி. ஆனாலும் மீனம்பாக்கத்தின் அன்றாடச் சேவையில் சிறு துளியைத்தான் அதனால் ஏற்க முடிந்தது. பயணியைச் சோதிக்க, பெட்டியை ஏற்ற, எரிபொருள் நிரப்ப, விமானத்தை நிறுத்தி வைக்க எனப் பயணிகள் நிலையத்துக்கு உரிய ஏற்பாடுகள் ஒரு போர்த்தளத்தில் இருக்காது. நல்ல தார்ச்சாலை இருப்பதாலேயே ஓர் ஊர் பேருந்து நிலையம் ஆகிவிடாது அல்லவா?

கணினிக்கு மாற்றுக் கணினி உண்டு, ஆகவே கட்டுப்பாட்டு மையம் நிற்காது என்பது மூன்றாவது வாதம். இதை மறுக்க மிகத் தெளிவான சான்று பிரிட்டனில் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 28 அன்று லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து பாரிஸ் செல்லும் ஒரு விமானத்தின் பயணத் திட்டம் அங்குள்ள கணினிக்கு வந்தது. அந்தத் திட்டத்தில் 'டிவிஎல்' என்ற ஒரே குறியீட்டைக் கொண்ட இரண்டு இடங்கள் இருந்தன: ஒன்று பிரான்சில், மற்றொன்று அமெரிக்காவில். குழம்பிய கணினி, தவறான தரவை வெளியிடுவதைவிட நிற்பதே மேல் என்று தன்னை நிறுத்திக்கொண்டது. உடனே மாற்றுக் கணினி பொறுப்பேற்றது. அதிலும் அதே மென்பொருள். அதற்கும் அதே திட்டம் போய்ச் சேர்ந்தது. அதுவும் நின்றது. 20 விநாடிக்குள் இரண்டும் போயின. 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் பாதிக்கப்பட்டார்கள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஆலைப் பராமரிப்புப் பார்ப்பவருக்கு இது புதிதாகத் தோன்றாது. இரண்டு ஜெனரேட்டர் வாங்கி இரண்டுக்கும் ஒரே டீசல் தொட்டியிலிருந்து குழாய் இழுத்தால், தொட்டிக்குள் தண்ணீர் புகும் நாளில் ஆலையில் இருப்பது சுழியம் ஜெனரேட்டர்தான். 2023 ஜனவரி 11 அன்று அமெரிக்காவில் விமானிகளுக்கான அறிவிப்பு அமைப்பு முடங்கி, நாடு முழுவதும் புறப்பாடுகள் நிறுத்தப்பட்டதன் காரணம் இன்னும் வேடிக்கையானது. முதன்மைத் தரவுத்தளத்தையும் மாற்றுத் தரவுத்தளத்தையும் ஒத்திசைக்கும் வேலையில் ஒப்பந்ததாரர்கள் தெரியாமல் கோப்புகளை அழித்துவிட்டார்கள். காப்புக்கு வைத்த ஏற்பாட்டைச் சீர்செய்யும் வேலையே விபத்துக்கு வாசல் திறந்தது.

2025 நவம்பரில் டெல்லியில் தானியங்கிச் செய்திப் பரிமாற்ற அமைப்பு பழுதானபோது கட்டுப்பாட்டாளர்கள் பயணத் திட்டங்களைக் கையாலேயே கையாண்டார்கள். 800-க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதமாயின. தாமதம் மற்ற நகரங்களுக்கும் பரவியது. இதைத் தோல்வி என்று மட்டும் எழுதுவது நியாயமில்லை. வேகம் குறைந்தது, ஆனால் விமானங்கள் பாதுகாப்பாகவே கையாளப்பட்டன. கையால் செய்யத் தெரிந்த மனிதர் என்பது கணினியின் நகல் அல்ல. கணினி விழும் காரணத்தால் விழாத மாற்று.

செயற்கைக்கோள் வழிகாட்டல் இருக்கும்போது தரைக் கருவிகள் எதற்கு என்ற வாதத்துக்கும் இதே பதில் பொருந்தும். ஜிபிஎஸ் சமிக்ஞை நெடுந்தொலைவு கடந்து மிக மெலிந்து வருவது. பொய்யான வலுத்த சமிக்ஞை அதை எளிதில் மூடிவிடும். டெல்லி, மும்பை, கொல்கத்தாவுடன் சென்னையிலும் இத்தகைய குறுக்கீடுகள் பதிவாகியிருப்பதை மத்திய அரசு 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. தரையிலுள்ள பழைய ரேடியோ வழிகாட்டுக் கருவிகளின் குறைந்தபட்ச வலையமைப்பைத் தொடர்ந்து வைத்திருப்பதாகவும் சொன்னது. பழையது என்பதற்காகவே அவற்றைக் கழற்றியிருந்தால் பொய்ச் சமிக்ஞை வரும் நேரத்தில் விமானிக்குப் பற்றுக்கோடு குறைந்திருக்கும்.

வானில் எந்தத் தடை வந்தாலும் குழப்பம்தான் என்ற எண்ணமும் சரியல்ல. பழவேற்காடு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவும்போதெல்லாம் வங்கக் கடலின் மேல் குறிப்பிட்ட வான்பகுதி மூடப்படுகிறது. மீனவர்களுக்கும் கடலுக்குள் போக வேண்டாம் என்று சொல்லப்படுகிறது. அதுவும் ஒரு தடைதான். நாளும் நேரமும் எல்லையும் முன்கூட்டியே அறிவிக்கப்படுவதால் விமானங்கள் வேறு தடத்தில் போகின்றன, பயணிக்குச் செய்தியே தெரிவதில்லை. புயலும் ஒரு மணி முன்னால் திடீரென முளைப்பதில்லை. சென்னையில் இறங்க முடியாது என்று தெரிந்தால் விமானத்தைக் கிளம்பும் ஊரின் தரையிலேயே நிறுத்தி வைப்பதுதான் வான்போக்குவரத்து ஓட்ட மேலாண்மையின் அடிப்படை. கிளம்பிவிட்டால் பெங்களூருவுக்கோ ஹைதராபாத்துக்கோ திருப்ப வேண்டும். அங்கே நிறுத்த இடம் வேண்டும், எரிபொருள் வேண்டும், விமானிகளின் பணிநேரமும் மிஞ்சியிருக்க வேண்டும்.

இரண்டாவது நிலையத்தால் பயனே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. ஆண்டுக்கு 2 கோடிக்கும் மேற்பட்ட பயணிகளைத் தாங்கும் மீனம்பாக்கத்துக்கு நெரிசல் குறையும். ஓடுபாதையில் ஒரு பழுது, ஒரு தீ என்றால் பரந்தூர் கைகொடுக்கும். கைகொடுக்க அங்கே இடம் காலியாக இருக்க வேண்டும். முழுமையடையும்போது 10 கோடிப் பயணிகளைக் கையாளும் நிலையமாகவே பரந்தூர் திட்டமிடப்படுகிறது. அதன் ஒவ்வொரு நேர ஒதுக்கீடும் விமான நிறுவனங்களுக்கு விற்றுத் தீர்ந்துவிட்டால், மீனம்பாக்கம் மூடும் நாளில் திருப்பிவிடப்படும் விமானங்களுக்கு அங்கே மிஞ்சுவது வானில் வட்டமடிக்கும் இடம் மட்டும்தான்.