முந்திரி: கொட்டை பெரிதா, பருப்பு தேறுமா?

கேள்வி: "எங்களுக்கு மூன்று ஏக்கர் செம்மண் மானாவாரி நிலம் இருக்கிறது. அப்பா காலத்தில் கொட்டை ஊன்றி வளர்த்த முந்திரி மரங்கள். பாதிக்கு மேல் துளைப்பான் புழு விழுந்து காய்ந்துவிட்டன. மீதியையும் எடுத்துவிட்டு ஒட்டுக்கன்று நடப்போகிறோம். நாற்றுப் பண்ணையில், 'ஜம்போ ரகம் வையுங்கள், கிலோவுக்கு 90 கொட்டைதான் நிற்கும்' என்கிறார்கள். எங்கள் மாமா, 'விருத்தாசலம் ரகமே போதும்' என்கிறார். எதை நம்பி நடுவது?"
- வாசகர், ஆண்டிமடம், அரியலூர் மாவட்டம்.

பதில்: முந்திரி ஒட்டு மூன்றாம் ஆண்டில் காய்ப்புக்கு வந்து, ஏழெட்டு ஆண்டில் முழு மகசூல் கொடுக்கும். ரகம் தப்பாகிவிட்டது என்று தெரியவரும்போது பிள்ளைகள் பள்ளிப் படிப்பை முடித்திருப்பார்கள். அதனால் நாற்றுப் பண்ணைக்காரர் சொல்வதையும் மாமா சொல்வதையும் தராசில் வைத்துப் பார்ப்பது நல்லது. தராசு என்று சொல்வது பேச்சுக்கு அல்ல. உண்மையான தராசுதான் வேண்டும்.

கிலோவுக்கு 90 கொட்டை என்றால் ஒரு கொட்டை 11 கிராம். கையில் எடுத்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஆலைக்காரர் வாங்குவது ஓட்டை அல்ல, உள்ளே இருக்கும் பருப்பை. நூறு கிலோ கொட்டையை உடைத்தால் எத்தனை கிலோ பருப்பு தேறுகிறது என்பதே முதல் கணக்கு. அந்தப் பருப்பு என்ன பருமன் என்பது இரண்டாவது கணக்கு. கொட்டையின் அளவு இந்த இரண்டுக்கும் பிறகுதான்.

பருமனுக்குச் சந்தையில் ஒரு பெயர் உண்டு. ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம் எடைக்கு எத்தனை முழுப் பருப்பு நிற்கிறதோ அதுதான் தரத்தின் எண். டபிள்யூ 320 என்றால் 300 முதல் 320 பருப்பு. டபிள்யூ 210 என்றால் 200 முதல் 210. டபிள்யூ 180 இன்னும் பருமனானது. எண் குறையக் குறைய விலை ஏறும்.

இனி ரகங்களுக்கு வருவோம். விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1981-ல் வி.ஆர்.ஐ.1, 1985-ல் வி.ஆர்.ஐ.2, 1991-ல் வி.ஆர்.ஐ.3 என்று வரிசையாக வெளிவந்தன. முதல் இரண்டிலும் கொட்டை 5 கிராம் அளவுதான். கிலோவுக்கு 200 நிற்கும். பருப்பு 28 சதவீதம் தேறும், டபிள்யூ 320 தரம். வி.ஆர்.ஐ.3-ல் கொட்டை 7.2 கிராம், கிலோவுக்கு 140 நிற்கும். 29 சதவீதம் பருப்பு, டபிள்யூ 210 தரம். மரத்துக்குச் சராசரி 10 கிலோ என்பது ஆராய்ச்சி நிலையத்துக் கணக்கு. பராமரிப்பு இல்லாத மானாவாரியில் அதை அப்படியே எதிர்பார்க்கக் கூடாது. மாமா சொல்வது வி.ஆர்.ஐ.3 ஆக இருந்தால் அவர் பேச்சைத் தள்ள முடியாது. பழைய வி.ஆர்.ஐ.1, 2 என்றால், இன்றைக்குப் புதிதாக நடுகிறவர் அதற்குப் போக வேண்டியதில்லை.

வெளி மாநில ரகங்களில் மகாராஷ்டிராவின் வெங்குர்லா 4 பெயர் பெற்றது. கொட்டை 7.7 கிராம், பருப்பு 31 சதவீதம். வெங்குர்லா 7-ல் கொட்டை 10 கிராம் வரும். பருப்பும் 30 சதவீதத்துக்குக் குறையாது, டபிள்யூ 180 தரம். இந்த வெங்குர்லா 7-க்கு ஒரு பக்கத்துப் பெற்றோர் நம் விருத்தாசலத்து வி.ஆர்.ஐ.1 என்பது பலருக்குத் தெரியாது. ஆந்திராவின் பாபட்லாவில் உருவான பி.பி.பி.8 கொட்டை 8.2 கிராம், பருப்பு 29 சதவீதம். கேரளாவின் பிரியங்கா 10.8 கிராம். பருப்பும் பருமன்தான், டபிள்யூ 180. ஆனால் தேறுவது 26.5 சதவீதம்.

இதைத்தான் தராசில் போட வேண்டும். 80 கிலோ மூட்டை வி.ஆர்.ஐ.3-ஐ உடைத்தால் 23 கிலோ பருப்பு கிடைக்கும். அதே மூட்டை பிரியங்காவில் 21 கிலோதான் கிடைக்கும். மூட்டைக்கு இரண்டு கிலோ குறைவு. அந்தக் குறைவை ஈடு கட்ட, பருமனான பருப்புக்கு உரிய கூடுதல் விலை கைக்கு வர வேண்டும். அது யார் கைக்கு வருகிறது? களத்திலேயே பச்சைக் கொட்டையாகக் கிலோ கணக்கில் வியாபாரிக்குப் போட்டுவிடுகிற விவசாயிக்குப் பெரும்பாலும் வருவதில்லை. வியாபாரி ஒரு கைப்பிடி எடுத்து நாலைந்து கொட்டையைக் கீறிப் பார்ப்பார், காய்ச்சலும் பொக்கும் பார்த்து விலை சொல்வார், அவ்வளவுதான். சொந்தமாக உடைத்துப் பருப்பாக விற்கிற வீடு என்றால் கதை வேறு. புதுக்கோட்டை - தஞ்சாவூர் சாலையில் ஆதனக்கோட்டையில் செய்வதைப் போல வாங்குகிறவர் கண்ணெதிரே பருப்பைக் காட்டி விற்கிறவர்களுக்குப் பெரிய பருப்பு காசாக மாறும். ஆண்டிமடத்து வாசகர் எப்படி விற்கப்போகிறார் என்பதைக் கடிதத்தில் எழுதவில்லை. ரகத்தை முடிவு செய்யும் முன் வீட்டில் பேசித் தீர்க்க வேண்டியது அதுதான்.

அடுத்தது மண்ணும் மழையும். வெங்குர்லா இருக்கும் கொங்கணத்தில் ஆண்டுக்கு 3,000 மி.மீட்டரை ஒட்டி மழை பெய்கிறது. அரியலூர்ப் பக்கம் அதில் மூன்றில் ஒரு பங்கு. பெரிய கொட்டை என்றால் பருப்பு நிரம்பவும் அந்த அளவுக்குச் சத்தும் ஈரமும் வேண்டும். பங்குனி வெயிலில் அடிமண் காய்ந்து கிடந்தால் ஓடு பெரிதாகி, உள்ளே பருப்பு சுருங்கி, பொக்கு கூடும். 26 சதவீதம் என்று எழுதியிருப்பது 24-க்கு இறங்கினால் மூட்டைக்கு 19 கிலோதான் மிஞ்சும். பெரிய கொட்டை காயவும் கூடுதல் நாள் பிடிக்கும். ஈரத்தோடு கட்டினால் மூட்டையிலேயே பருப்பு கெட்டுப்போகும்.

பூக்கும் காலத்தையும் பார்க்க வேண்டும். நம் பக்கம் வடகிழக்கு மழை ஓய்ந்த பிறகு துளிர்த்து, தை முதல் பங்குனி வரை பூக்கிற மரமே பிழைக்கும். மார்கழி மூடாக்கில் பூங்கொத்து வந்துவிட்டால் தேயிலைக் கொசு சாறு உறிஞ்சி, கொத்து முழுதும் கருகிவிடும். ரொம்பவும் பின்தங்கிப் பூத்தால் கொட்டை விழும் நேரத்தில் கோடை மழை பிடித்துக்கொள்ளும். நனைந்த கொட்டை கறுத்துப்போகும். கர்நாடகத்தின் புத்தூர் மையம் 2006-ல் வெளியிட்ட பாஸ்கரா ரகம், தேயிலைக் கொசுவின் தாக்குதல் மிதமாக இருக்கும் இடங்களில் ஓரளவு தப்பிக்கும் என்று பெயர் வாங்கியிருக்கிறது. கொட்டை 7.4 கிராம், பருப்பு 30 சதவீதத்துக்கு மேல். கொசுத் தொல்லை கடுமையாக உள்ள தோட்டத்தில் சில மரம் வைத்துப் பார்க்கலாம்.

ஜம்போ கன்றுக்கு முன்பணம் கொடுக்கும் முன் வாசகர் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. தன் ஊரைப் போன்ற செம்மண் மானாவாரியில் அந்த ரகத்தை வைத்து, ஐந்து ஆண்டு தாண்டிய தோட்டம் எங்கே இருக்கிறது என்று நாற்றுப் பண்ணைக்காரரிடம் கேட்க வேண்டும். அங்கே போய், பல மரங்களின் கீழே விழுந்த கொட்டையைக் கலந்து ஐம்பது பொறுக்கி, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைத்து எடை போட வேண்டும். தண்ணீரில் போட்டால் மிதப்பது பொக்கு. அது எத்தனை என்று எண்ணிக்கொள்ளலாம். பிறகு ஐம்பதையும் உடைத்துப் பருப்பை நிறுக்க வேண்டும். ஓட்டுப் பால் பட்டால் தோல் வெந்துவிடும். கையில் எண்ணெயோ சாம்பலோ பூசிக்கொள்ளாமல் உடைக்கக் கூடாது. பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம். வி.ஆர்.ஐ.3 என்றால் ஐம்பது கொட்டை 360 கிராம் நின்று, பருப்பு 105 கிராம் அளவுக்குத் தேற வேண்டும். ஜம்போவில் ஐம்பது கொட்டை 550 கிராம் நிற்கும்; பருப்பு 160 கிராம் வந்தால் ரகம் அந்த மண்ணுக்கு ஒத்துப்போகிறது. 130-க்குக் கீழே இருந்தால் மாமா பேச்சைக் கேட்கலாம். பார்க்கத் தோட்டமே இல்லை என்று பண்ணைக்காரர் சொன்னால், அதுவே பதில்.

இப்போதைய நிலையில் இரண்டரை ஏக்கருக்கு வி.ஆர்.ஐ.3-ஐ வைத்து, மீதி அரை ஏக்கரில் பி.பி.பி.8 அல்லது வெங்குர்லா 7 வைப்பது பயமில்லாத வழி. ஜம்போ மேல் ஆசை விடவில்லை என்றால், எரு போட்டுத் தண்ணீர் ஊற்றக்கூடிய வீட்டோரத்தில் பத்து மரம். 7 மீட்டருக்கு 7 மீட்டர் இடைவெளி விட்டால் ஏக்கருக்கு 80 கன்று பிடிக்கும். ஆடி, ஆவணி மழையை ஒட்டி ஒன்றரை அடிக் குழியில் நடலாம். முதல் மூன்று ஆண்டு இடையில் நிலக்கடலையோ உளுந்தோ போட்டால் களையெடுப்புச் செலவு அதிலேயே கழியும்.

கன்று வாங்கும்போது விலையை மட்டும் பார்க்கிறவர்கள் அதிகம். முந்திரி அயல் மகரந்தச் சேர்க்கைப் பயிர். வி.ஆர்.ஐ.3 மரத்தடியில் பொறுக்கிய கொட்டையை முளைக்க வைத்து 'வி.ஆர்.ஐ.3 கன்று' என்று விற்றால் அது வி.ஆர்.ஐ.3 அல்ல. ஒட்டுத் தழும்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஐந்தாறு மாதக் கன்றே போதும். ஒரு வருடத்துக்கு மேல் பையிலேயே நின்ற கன்று தடியாகத் தெரியும். பையைக் கிழித்தால் ஆணிவேர் சுருண்டு கிடக்கும். அப்படிப்பட்ட மரம் காற்றுக்கு நிற்காது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் கடலூர் மாவட்டத்து முந்திரிக் காடுகள் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நட்ட பிறகு ஒட்டுக்குக் கீழே வரும் துளிரை வாரம் ஒருமுறை கிள்ள வேண்டும். விட்டுவிட்டால் அடிக்கன்று மேலே ஏறி, ஒட்டு செத்து, மூன்றாம் வருடம் காய்ப்பது பழைய நாட்டு முந்திரியாக இருக்கும். காசு கொடுத்து வாங்கிய ரகம் எங்கே போனது என்று தெரியாமல் நாற்றுப் பண்ணையோடு சண்டைக்குப் போனவர்கள் உண்டு. முதல் இரண்டு ஆண்டில் வரும் பூவையும் கிள்ளிவிடலாம்.

ஒன்று மட்டும் ரகத்தால் தீராது. துளைப்பான் புழு எந்த ரகத்தையும் விட்டுவைப்பதில்லை. காய்ந்த மரங்களை வேரோடு பெயர்த்துத் தோட்டத்தை விட்டு வெளியேற்றிய பிறகே புதுக்கன்று நட வேண்டும். அடிக்கட்டையை மண்ணுக்குள் விட்டால் அதிலிருந்து வண்டு வந்துகொண்டே இருக்கும்.

கேள்வி: "எங்கள் முந்திரி மரங்களுக்கு 15 வயது. கொட்டை சிறுத்துவிட்டது. மரத்தை வெட்டாமல் வேறு ரகமாக மாற்ற முடியுமா?"
- வாசகி, ஆலங்குடி, புதுக்கோட்டை மாவட்டம்.

பதில்: முடியும். அடிமரத்தை இரண்டரை, மூன்று அடி உயரத்தில் அறுத்துவிட்டு, பக்கத்தில் வரும் துளிர்களில் நல்ல ரகத்தின் குச்சியை ஒட்டுக் கட்டலாம். வேர் பழையது என்பதால் இரண்டாம் ஆண்டிலேயே காய்ப்பு பார்க்கலாம். ஆனால் அறுத்த மரம் துளைப்பானுக்கு விருந்து. வெட்டுவாயில் போர்டோ பசை தடவி, மாதம் ஒருமுறை அடிமரத்தில் மரத்தூள் கசிகிறதா என்று பார்க்க ஆள் இல்லாத தோட்டத்தில் இதைத் தொடக் கூடாது.

எல்லா மரத்தையும் மாற்றவும் வேண்டாம். கொட்டையிலிருந்து வளர்ந்த தோப்பில் மரத்துக்கு மரம் காய்ப்பு வேறுபடும். இந்தப் பருவத்தில் ஒவ்வொரு மரத்தடியில் பொறுக்குவதையும் தனித்தனியாக நிறுத்து, பத்துக் கொட்டை எடையையும் குறித்து வைத்தால், எது உருப்படி, எது வீண் என்று தெரிந்துவிடும். நல்லதற்குச் சுண்ணாம்பு அடித்து விட்டுவிடலாம். மோசமானவற்றில் ஐந்து மரத்தை மட்டும் முதலில் அறுத்துப் பார்க்கலாம். மரத்துக்கு ஏழெட்டுத் துளிர் கட்டினால் நாலைந்து பிடிக்கும். ஒட்டுக்குச்சி எடுக்கும் மரத்தில், வெட்டுவதற்குப் பத்து நாள் முன்பே இலைகளைக் காம்பு மட்டும் நிற்கும்படி நறுக்கிவிட வேண்டும்; நுனி மொட்டு புடைத்து நிற்கும்போது குச்சியை வெட்டி, ஈரத் துணியில் சுற்றி, அன்றைக்கே கட்டிவிட வேண்டும்.