பெயிலோடு மாத்திரையும்

1994இல் திகார் சிறைக்கு ஆணுறை வேண்டுமென்று மருத்துவர்கள் சொன்னார்கள். சிறைத் தலைமையில் இருந்த கிரண் பேடி மறுத்தார். கொடுத்தால் ஆணோடு ஆண் கூடுவதை ஊக்குவிப்பதாகுமாம்! இசைந்து கூடுவது குற்றமல்ல என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லியாச்சு. உள்ளே பலவந்தமும் நடக்கும். அதை யார் பேசுறோம்?

2022 கடைசியில் சிறையில் இருந்தவர்களில் நூற்றுக்கு சுமார் 76 பேர் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள். மக்கள்தொகை விகிதத்தை மீறி நம்ம ஆட்கள். பெயில் திடீர்னு வரும். எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிட்டவன் வெறுங்கையோடு வந்தால் மருந்து அறுபடும், வைரஸ் மறுபடி ஏறும், வீட்டுக்காரிக்கும் ஆபத்து. ஊர் அவன் ஒழுக்கத்தை நோண்டும். பூட்டி வைத்தவனைக் கேட்காது. மானம் போகுமென்று நாமும் வாயை மூடுகிறோம் (யார் மானம்?).

பெயிலுக்கு ஓடும் தோழர்கள் ஒரு மாத மாத்திரையும், ஊர்ப்பக்கத்து ஏ.ஆர்.டி. மையத்துக்கு மாற்றுச் சீட்டும் சேர்த்தே கேட்கணும். பரிசோதனை மட்டும் அவன் சம்மதித்தால்தான், 2017 எச்.ஐ.வி. சட்டம் அப்படித்தான் சொல்லுது.