போர்டு மாறினால் போதுமா?

ஏனாத்தூரில் பி.காம்., எம்.பி.ஏ. முடித்து வெளியே வருகிறவர்களுக்கு முதலில் கிடைக்கும் வேலைகளில் ஒன்று ‘ரிலேஷன்ஷிப் மேனேஜர்’. பெயரைக் கேட்டால் பெரிய உத்தியோகம் மாதிரி இருக்கும். கழுத்தில் ஐடி கார்டு, பையில் விண்ணப்பப் படிவங்கள், மாதக் கடைசியில் டார்கெட். இவ்வளவுதான் வேலை! பங்குத் தரகு நிறுவனமோ வங்கியோ அனுப்பி வைக்க, காஞ்சிபுரத்தில் தறி வைத்திருப்பவர், உத்திரமேரூரில் ரிட்டயர் ஆன வாத்தியார், வாலாஜாபாத் பக்கம் நிலம் விற்ற பணத்தை என்ன செய்வது என்று தெரியாமல் இருப்பவர் என்று வீடு வீடாக ஏறி இறங்க வேண்டும். இப்படி நாலைந்து வருடம் வண்டி ஓட்டிய பிறகு பலருக்கும் ஒரு எண்ணம் வரும். “அவர் என் முகத்தைப் பார்த்துத்தானே பணம் போட்டார்? கம்பெனிக்கு ஏன் சம்பாதித்துக் கொடுக்க வேண்டும்? தனியாகப் போர்டு மாட்டினால் என்ன?”

நியாயமான எண்ணம்தான். ஆனால் போர்டை மாட்டியவுடன் ‘சுதந்திர ஆலோசகர்’ ஆகிவிடலாம் என்று நினைத்தால், அங்கேதான் சிக்கல்.

முதலில் சட்டம். “விலகினால் இரண்டு வருடத்துக்கு இதே தொழில் செய்யக்கூடாது” என்று ஆஃபர் லெட்டரில் ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதிகம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 27, ஒருவர் தன் தொழிலைச் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. வேலையில் இருக்கும்போது போட்டிக் கம்பெனிக்கு வேலை செய்யாதே என்று சொல்லலாம். விலகிய பிறகும் கட்டிப்போட முடியாது. 2006-ல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வங்கி, தன்னிடம் செல்வ மேலாண்மைப் பிரிவில் இருந்து விலகிய ஒரு பெண் அதிகாரி மீது டில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. வாடிக்கையாளர் விவரங்களைத் தொகுத்து வைத்துக்கொண்டு, அது எங்கள் ரகசியம் என்று சொல்லி ஊழியர் வேறு வேலைக்குப் போவதைத் தடுக்க முடியாது என்ற ரீதியில்தான் நீதிமன்றம் சொன்னது. அதற்காகக் கம்பெனி கம்ப்யூட்டரில் இருந்து மொத்தப் பட்டியலையும் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு கிளம்பலாம் என்று அர்த்தம் இல்லை. அது வேறு கதை, அதில் மாட்டினால் வக்கீல் செலவுக்கே சேமிப்பு போய்விடும்.

அமெரிக்காவில் இந்தச் சண்டை பெரிய அளவில் நடந்து, கடைசியில் 2004-ல் மெரில் லிஞ்ச், ஸ்மித் பார்னி, யுபிஎஸ் மூன்றும் சேர்ந்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. ‘புரோக்கர் புரோட்டோகால்’ என்று பெயர். விலகுகிற ஆலோசகர் தன் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல், கணக்கின் தலைப்பு ஆகிய ஐந்தை மட்டும் எடுத்துப் போகலாம், வழக்குப் போட மாட்டோம் என்று ஒப்பந்தம். பிறகு நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் சேர்ந்துகொண்டன. அடுத்தவன் ஆளை இழுக்கும்வரை எல்லோருக்கும் இது இனித்தது. தங்கள் ஆட்களே கூட்டமாக வெளியேறித் தனிக்கடை போட ஆரம்பித்ததும் கசந்துவிட்டது. 2017 நவம்பரில் மார்கன் ஸ்டான்லி விலகியது, அடுத்த மாதமே யுபிஎஸ்ஸும் விலகியது. உடன்பாட்டை ஆரம்பித்து வைத்தவர்களில் ஒருவரே வெளியேறியது நல்ல வேடிக்கை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஆலோசகர் “என் வாடிக்கையாளர்” என்கிறார், கம்பெனி “எங்கள் வாடிக்கையாளர்” என்கிறது. நடுவில் இருக்கும் அந்த மனிதரை யாரும் கேட்கவில்லை. ஆடு மாடு பங்கு பிரிப்பது மாதிரி பிரித்துக் கொள்கிறார்கள்.

நம் ஊர் நிலைமையைப் பார்க்கலாம். மியூச்சுவல் ஃபண்ட் விண்ணப்பத்தின் மேல் பகுதியில் சில சின்னக் கட்டங்கள் இருக்கும். கையெழுத்துப் போடுகிறவர் அதைப் பார்ப்பதே இல்லை, ஏனென்றால் அதை எடுத்து வந்தவரே நிரப்பிவிடுவார். அதில் ஒன்று ஏ.ஆர்.என்., அதாவது விற்பனையாளரின் ஆம்ஃபி பதிவு எண். இன்னொன்று இ.யு.ஐ.என்., படிவத்தை எடுத்து வந்த ஊழியரின் எண், 2013-ல் வந்தது. வீட்டுக்கு வந்து, காபி குடித்து, பெண்ணின் கல்யாணச் செலவு வரை பேசி, பணம் போட வைத்தவரின் எண் இரண்டாவது கட்டத்தில். கமிஷன் போவது முதல் கட்டத்துக்கு. அவர் வேலையை விட்டுப் போன பிறகும் பழைய முதலீட்டின் மீதான வருடாந்தரக் கமிஷன் கம்பெனியின் எண்ணுக்கே போய்க்கொண்டிருக்கும்.

முதலீட்டாளர் விரும்பினால் விற்பனையாளரை மாற்றிக்கொள்ளலாம். ஒரு காலத்தில் அதற்குப் பழைய விற்பனையாளரிடமே தடையில்லாச் சான்று வாங்கி வரச் சொன்னார்கள். மளிகைக்கடையை மாற்ற, பழைய கடைக்காரரிடம் சீட்டு வாங்கி வா என்பது போல! 2009 டிசம்பரில் செபி அதை எடுத்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு பல ஆண்டுகளுக்கு இன்னொரு நடைமுறை இருந்தது. இப்படி மாற்றப்பட்ட முதலீட்டுக்குப் பழையவருக்கும் கமிஷன் இல்லை, புதியவருக்கும் இல்லை. ஆள் இழுக்கும் போட்டியைத் தடுக்கத்தான் இந்த விதி. விளைவு என்ன? தனியாக வந்தவர், “சார், இந்த ஃபண்டு சரியில்லை, விற்றுவிட்டு வேறு போடலாம்” என்று சொல்லும் ஆசைக்கு ஆளானார். புதிதாகப் போட்டால்தானே அவருடைய எண்ணில் ஏறும்?

விற்றால் சும்மா போகாது. ஒரு வருடத்துக்குள் எடுத்தால் பல ஈக்விட்டி ஃபண்டுகளில் 1 சதவீதம் வெளியேறும் கட்டணம். 2024 ஜூலைக்குப் பிறகு, ஒரு வருடத்துக்குள் விற்ற லாபத்துக்கு 20 சதவீதம் வரி, அதற்கு மேல் வைத்திருந்தாலும் வருடம் 1.25 லட்சத்தைத் தாண்டிய லாபத்துக்கு 12.5 சதவீதம் வரி. ஆலோசகரின் சுதந்திரப் போராட்டத்துக்கான செலவை உத்திரமேரூர் வாத்தியார் தன் கிராஜுவிட்டியில் இருந்து கட்டுகிறார். “ஃபண்டு சரியில்லை” என்பது சில சமயம் உண்மையாகவும் இருக்கும் என்பதுதான் இதில் கொடுமை. எது உண்மை, எது கமிஷன் என்று அவரால் பிரித்துப் பார்க்க முடியாது.

தனியாக வந்தவரைத் திட்டவும் மனசு வரவில்லை. கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2009 ஆகஸ்டு வரை முதலீட்டில் இருந்தே முதலில் 2.25 சதவீதம் வரை பிடித்து விற்பனையாளருக்குக் கொடுத்தார்கள். செபி அதை நிறுத்தியது. 2018 அக்டோபரில் ஃபண்டு கம்பெனிகள் கொடுத்துவந்த முன்பணக் கமிஷனும் போனது. இனி வருடா வருடம் சொட்டுச் சொட்டாக வருவதுதான். ஒருவர் 200 குடும்பங்களைப் பிடித்து, ஆளுக்கு மாதம் 2,000 ரூபாய் எஸ்.ஐ.பி. போட வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 4 லட்சம் சேர்கிறது. 0.8 சதவீதம் கமிஷன் என்றால், முதல் வருடம் முழுக்கச் சேர்த்து அவர் கைக்கு வருவது சுமார் 20 ஆயிரம். மாதத்துக்கு இரண்டாயிரம் கூட இல்லை, பெட்ரோலுக்கே காணாது. 200 குடும்பங்களை ஒரே நாளில் பிடித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டே இந்தக் கணக்கு!

பத்து வருடம் தாக்குப்பிடித்தால் நல்ல வருமானம், சந்தேகமில்லை. அதுவரை அடுப்பு எரிய வேண்டுமே? அப்போதுதான் பையில் இருந்து இன்சூரன்ஸ் பாலிசி வெளியே வருகிறது. முதல் வருடப் பிரீமியத்தில் பெரிய பங்கு கமிஷனாகக் கிடைக்கும். கம்பெனியில் இருந்தபோது மேனேஜர் விற்கச் சொன்ன அதே பாலிசியை, இப்போது வீட்டு வாடகை விற்கச் சொல்கிறது.

அப்படியென்றால் எதுதான் சுதந்திரம்? பணம் யாரிடம் இருந்து வருகிறது என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். 2013-ல் செபி முதலீட்டு ஆலோசகர்களுக்குத் தனி விதிமுறை கொண்டுவந்தது. பதிவு செய்த ஆலோசகர் வாடிக்கையாளரிடம் நேராகக் கட்டணம் வாங்க வேண்டும். அதே வருடம் ஜனவரியில் கமிஷன் இல்லாத ‘டைரக்ட்’ திட்டங்களும் வந்தன. 2020-ல் விதியை இறுக்கினார்கள். ஒரே வாடிக்கையாளருக்கு ஆலோசனையும் சொல்லி, கமிஷனுக்கு விற்கவும் முடியாது. கமிஷன் வாங்குகிற விற்பனையாளர், ஆலோசகராகப் பதிவு செய்யாமல் ‘சுதந்திர நிதி ஆலோசகர்’ என்று விசிட்டிங் கார்டு அடிக்கவும் கூடாது. போர்டில் எழுதும் வார்த்தைக்கே கட்டுப்பாடு!

நல்ல விதி. ஆனால் நாட்டில் ஏ.ஆர்.என். வைத்திருப்பவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல், கட்டணம் வாங்கும் பதிவு பெற்ற ஆலோசகர்கள் ஆயிரத்துக்கு முன்னே பின்னே. அவர்களிலும் பெரும்பாலானோர் பெருநகரங்களில் இருக்கிறார்கள். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கித் தேடினால் கிடைப்பது கஷ்டம்.

காரணம் விதி மட்டும் இல்லை, நம் ஆட்களும்தான். ஊசி போட்டால்தான் டாக்டருக்கு ஃபீஸ் கொடுக்க மனசு வருகிற ஊர் இது. “வாயால் சொன்னதுக்கா எட்டாயிரம்?” என்று கேட்பார்கள். 10 லட்சம் போட்டவரிடம் 0.8 சதவீதம் என்றால் அதே எட்டாயிரம் வருடா வருடம் ஃபண்டுக்குள்ளேயே கழிந்துகொண்டுதான் இருக்கிறது. கண்ணில் படாததால் வலிப்பதில்லை. ஃபண்டு வளர வளர அந்தத் தொகையும் வளரும். கையில் இருந்து எடுத்துக் கொடுப்பதென்றால் மட்டும் யோசனை வந்துவிடுகிறது.

இதற்குப் பெரிய கம்பெனியின் போர்டே மேல் என்று யாராவது சொன்னால், கார்வியை நினைவுபடுத்தலாம். நாடு முழுக்கக் கிளை வைத்திருந்த ஹைதராபாத் நிறுவனம். வாடிக்கையாளர்களின் பங்குகளை அடகு வைத்துக் கடன் வாங்கியது என்று 2019 நவம்பரில் செபி உத்தரவு போட்டது. அடுத்த மாதம் சுமார் 82,500 பேருக்கு அவர்களுடைய பங்குகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. 2023-ல் பதிவே ரத்தானது. சரி, தெரிந்த மனிதரை நம்பலாம் என்றால் அதற்கு ஆருத்ரா இருக்கிறது. 2022-ல் வெடித்த அந்த மோசடியில் சுமார் ஒரு லட்சம் பேரிடம் ரூ.2,400 கோடிக்கு மேல் போனது. பணம் சேர்த்துக் கொடுத்த ஏஜென்ட்டுகளில் பலரும் அக்கம்பக்கத்தார், சொந்தக்காரர்கள். போர்டும் காப்பாற்றவில்லை, முகமும் காப்பாற்றவில்லை.

உத்திரமேரூர்க்காரர்களுக்குக் கல்வெட்டைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பராந்தக சோழன் காலத்தில், 919, 921 வாக்கில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டியது. குடவோலைத் தேர்தலுக்காக அது மாணவர் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதில் வாரியத்துக்கு யார் நிற்கக்கூடாது என்ற பட்டியலும் உண்டு. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்கக்கூடாது, அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்கக்கூடாது. தெரிந்தவர், நல்லவர் என்பதெல்லாம் அப்புறம், முதலில் கணக்கு.

கணக்கு இப்போதும் வருகிறது, யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை என்பதுதான் விஷயம். 2016 அக்டோபரில் இருந்து, முதலீட்டாளருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையில், அவருடைய முதலீட்டுக்காக விற்பனையாளருக்குக் கொடுத்த கமிஷன் சதவீதமாக இல்லாமல் ரூபாயிலேயே இருக்க வேண்டும். மார்ச்சில் முடியும் அரையாண்டுக்கு ஒன்று, செப்டம்பரில் முடிவதற்கு ஒன்று.

அடுத்து யாராவது வேலையை விட்டுத் தனியாக வந்து, புதுப் போர்டின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி “சார், இனிமேல் நான் இண்டிபெண்டன்ட்” என்றால், வாழ்த்துச் சொல்லி உட்கார வைத்து, அந்த அறிக்கையை எடுத்து மேஜையில் வைக்கலாம். “தம்பி, இந்தத் தொகை இனி யாருக்குப் போகும்? பழையதை விற்கச் சொல்கிறாயா, ஏன்? எட்டாயிரம் கையில் கொடுத்தால் கமிஷன் இல்லாத திட்டத்தில் போட்டுத் தருவாயா?” நேராகப் பதில் சொல்கிற பையனாக இருந்தால், பழைய கம்பெனியின் எண்ணை மாற்றும் கடிதத்தில் கையெழுத்துப் போடலாம். மழுப்பினால் காபியோடு அனுப்பிவிடலாம்.